பழைய விண்டோஸ் டிவிடி ரைட்டரைக் காணவில்லை என்றால்: எந்தப் படியில் தொலைகிறது என்று பார்ப்போம்

திருகோணமலை உப்புவெளியில் என் வீட்டு முன்னறையில் விண்டோஸ் எக்ஸ்பி போட்ட கணினி ஒன்று இன்னும் ஓடுகிறது. அதில் இருக்கும் கப்சர் கார்டுக்காகத்தான் அதை வைத்திருக்கிறேன். விஎச்எஸ் நாடாவில் இருக்கும் படத்தைக் கணினிக்குள் எடுக்கிற கார்ட் அது. எக்ஸ்பிக்குப் பிறகு வந்த விண்டோஸ் எதிலும் அது வேலை செய்யவில்லை. திருமலையில் தொண்ணூறுகளில் நடந்த கல்யாணங்கள், சாமத்திய வீடுகள், கோயில் திருவிழாக்கள் எல்லாம் நாடாவில்தான் இருக்கின்றன. இடம்பெயர்வில் தொலைந்தது போக, 2004 கடல்கோளில் நனைந்தது போக மிஞ்சியவற்றைத்தான் சனம் பையில் சுற்றிக்கொண்டு வந்து தருகிறது. வீட்டில் டிவிடி பிளேயர் இருக்கிறது, ரிமோட்டில் ஒரு பொத்தானை அமுக்கினால் ஓட வேண்டும் என்பதுதான் அம்மாமாரின் விருப்பம். அதனால் எனக்கு டிவிடி ரைட்டர் இன்றைக்கும் அன்றாடத் தேவை.

போன வருடம் பாலையூற்றில் இருந்து ஒரு அக்கா தன் வீட்டுக் கணினியையே முச்சக்கரவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். காலமான கணவரின் படங்களும் வீடியோக்களும் அதற்குள் இருந்தன. மூன்று பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு டிஸ்க் போட்டுக் கொடுக்க வேண்டும். "ரைட்டர் செத்துப்போச்சாம் தம்பி, விண்டோஸையும் அழிச்சுத்தான் போடோணும் எண்டு சொல்லுறாங்க" என்றார். இரண்டுமே தேவைப்படவில்லை. ரைட்டரில் பழுதே இருக்கவில்லை. விண்டோஸுக்குள் இருந்த ஒரு வரிதான் அதை மறைத்திருந்தது. அது எந்த வரி என்று கீழே சொல்கிறேன். அவர் படங்களைப் பிரதி எடுக்கும் முன்னமே யாராவது விண்டோஸை அழித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போது நினைத்தாலும் எனக்கு நெஞ்சு பதறுகிறது. அதனால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் செய்யுங்கள். ரைட்டர் வேலை செய்யாவிட்டாலும் வன்வட்டில் இருப்பதை ஒரு பென் டிரைவுக்கோ வெளி வன்வட்டுக்கோ பிரதி எடுத்து வைத்துவிடுங்கள். மிச்சமெல்லாம் அதற்குப் பிறகு.

எங்கே பார்ப்பது

ரைட்டர் நான்கு படிகளைக் கடந்துதான் உங்கள் கைக்கு வருகிறது. கணினி எழும்பும்போது, விண்டோஸுக்கு முன்னமே ஓடும் அடிப்படை மென்பொருளான பயோஸ் அதைக் காண வேண்டும். அப்புறம் கருவிகளைப் பட்டியலிடும் விண்டோஸின் டிவைஸ் மேனேஜர் காண வேண்டும். அதன் பிறகு மை கம்ப்யூட்டரில் ஓர் எழுத்தோடு வர வேண்டும். கடைசியாக, எழுதுகிற மென்பொருள் அதை வாசிப்பானாக மட்டும் பார்க்காமல் எழுதியாகவும் பார்க்க வேண்டும். எந்தப் படியில் அது காணாமல் போகிறது என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. படியைத் தாண்டிக் குதிக்காதீர்கள். பயோஸிலேயே இல்லாத ரைட்டருக்கு விண்டோஸில் எதை மாற்றினாலும் பயன் இல்லை.

இதை ஒரே அடியில் பிரிக்க நான் செய்வது ஒன்று உண்டு. தானாக எழும்பக்கூடிய டிஸ்க் ஒன்றை, விண்டோஸ் நிறுவும் டிஸ்க்கோ லினக்ஸ் லைவ் டிஸ்க்கோ எதுவானாலும் சரி, ரைட்டரில் போட்டு, கணினியை அதிலிருந்து எழுப்பிப் பார்ப்பேன். எழும்பினால் கேபிள், மின்சாரம், பயோஸ் மூன்றும் நல்ல நிலையில் இருக்கின்றன. ரைட்டரும் குறைந்தது வாசிக்கும் அளவுக்கு நலமாக இருக்கிறது. கோளாறு பெரும்பாலும் விண்டோஸுக்குள்தான். எழும்பாவிட்டால் பெட்டியைத் திறக்க வேண்டியதுதான்.

பயோஸிலேயே பெயர் இல்லை

முன்பக்கப் பொத்தானை அமுக்கிப் பாருங்கள். தட்டு வெளியே வராமல், விளக்கும் எரியாமல் இருந்தால் மின்சாரம் போகவில்லை. கணினியை அணைத்து, சுவரில் இருந்து வயரைக் கழற்றிய பிறகுதான் உள்ளே கை வைக்க வேண்டும். அகலமான தரவுக் கேபிளில் இணையும் பழைய ஐடிஇ ரைட்டருக்கு நான்கு துளை உள்ள மோலெக்ஸ் மின்வயர், ஒடுங்கிய தரவுக் கேபிளில் இணையும் பிந்திய சாட்டா ரைட்டருக்குத் தட்டையான மின்வயர். வேறொரு வயரை மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

தட்டு வருகிறது, ஆனால் பயோஸில் பெயர் இல்லை என்றால் தரவுக் கேபிளைச் சந்தேகியுங்கள். இங்கே திருமலைக்கென்று ஒரு விஷயம் சொல்ல வேண்டும். கடற்கரைக்குக் கிட்ட இருக்கும் வீடுகளில் உப்புக் காற்று எல்லா இணைப்பிலும் படிகிறது. கார்த்திகை, மார்கழி மாரி முடிந்து தை பிறக்கும்போது என்னிடம் வருகிற கணினிகளில் பாதிக்கு மேல் கேபிளைக் கழற்றித் திருப்பிப் போட்டாலே சரியாகிவிடும். கழற்றிப் போடுவது என்றால் மூன்று நான்கு தடவை உள்ளே வெளியே தள்ளி இழுப்பது. அப்போதுதான் உலோகத்தின் மேல் படிந்த படலம் உராய்ந்து போகும். சாட்டா இணைப்பு மங்கிக் கறுத்திருந்தால், பஞ்சுக் குச்சியில் ஐசோபுரோப்பைல் அல்ககோல் தொட்டுத் துடைத்து நன்றாகக் காயவிடுங்கள். பச்சை பிடித்த கேபிளைத் துடைத்து மினக்கெட வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

ஐடிஇ ரைட்டர் என்றால் ஜம்பரைப் பார்க்க வேண்டும். பின்புறத்தில் சின்னஞ்சிறு பிளாஸ்டிக் மூடி ஒன்று இரண்டு ஊசிகளை இணைத்தபடி இருக்கும். அதற்கு மேலே மாஸ்டர், ஸ்லேவ், கேபிள் செலக்ட் என்பவற்றின் முதலெழுத்துகள் பொறித்திருக்கும். ஒரே கேபிளில் இரண்டு கருவிகள் இருந்து இரண்டுமே மாஸ்டர் என்று இருந்தால் ஒன்று காணாமல் போகும்; சில வேளை வன்வட்டும் சேர்ந்து காணாமல் போகும். எண்பது கம்பி கேபிளில் நீல முனை மதர்போர்டுக்கு, கறுப்பு முனை மாஸ்டருக்கு, நடுவில் இருக்கும் சாம்பல் நிற முனை ஸ்லேவுக்கு. ஓரத்தில் ஓடும் சிவப்புக் கோடு பெரும்பாலும் ரைட்டரின் மின்சாரத் துளையை நோக்கி இருக்கும். இடம் இருந்தால் வன்வட்டை ஒரு கேபிளிலும் ரைட்டரை இன்னொரு கேபிளில் மாஸ்டராகவும் வைப்பது நல்லது.

அடுத்தது பற்றரி. நாணயம் போன்ற சிஆர் 2032 பற்றரி மதர்போர்டில் இருக்கும், 3 வோல்ட். அது செத்தால், மின்சாரம் போகும்போதெல்லாம் பயோஸ் தன் ஆரம்ப நிலைக்குத் திரும்பிவிடும். 2022இல் பல மணி நேர மின்வெட்டு நடந்த மாதங்களில் இப்படி நிறையக் கணினிகள் வந்தன. நேற்று வரை வேலை செய்த ரைட்டர் மின்வெட்டுக்குப் பிறகு காணாமல் போனது, கணினியின் திகதியும் பல வருடம் பின்னுக்குப் போயிருக்கிறது என்றால் ரைட்டரைத் தொடவே வேண்டாம். பற்றரியை மாற்றி, பயோஸுக்குள் போய், ஐடிஇ அல்லது சாட்டா வாசல்கள் அணைக்கப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள்.

அங்கே போகும்போது ஒரு எச்சரிக்கை. சாட்டாவைப் பழைய ஐடிஇ முறையில் வைப்பதா புதிய ஏஎச்சிஐ முறையில் வைப்பதா என்று ஒரு தெரிவு இருக்கும். எக்ஸ்பியோடு ஏஎச்சிஐ டிரைவர் (கருவியோடு பேச விண்டோஸுக்கு வேண்டிய சிறு மென்பொருள்) வருவதில்லை. ஐடிஇ முறையில் நிறுவிய எக்ஸ்பியை ஏஎச்சிஐக்கு மாற்றினால் 7பி என்று முடியும் எண்ணோடு நீலத் திரை வரும். பயப்பட வேண்டாம், எதுவும் அழியவில்லை. பழைய முறைக்கே மாற்றினால் எழும்பிவிடும். பற்றரி செத்த கணினி மின்வெட்டுக்குப் பிறகு நீலத் திரையில் நிற்பதற்கும் பல நேரம் இதுவே காரணம்.

பயோஸில் இருக்கிறது, விண்டோஸில் மஞ்சள் குறியோடு நிற்கிறது

பாலையூற்று அக்காவின் கணினியில் இருந்தது இதுதான். ரைட்டர்களை விண்டோஸ் காணாமல் போவதற்கு நான் பார்த்த காரணங்களில் முதலிடம் இதற்குத்தான்.

மை கம்ப்யூட்டர் மேல் வலது க்ளிக் செய்து, ப்ராப்பர்டீஸ், ஹார்ட்வேர், டிவைஸ் மேனேஜர் என்று போங்கள். டிவிடி சிடிரொம் டிரைவ்ஸ் என்ற தலைப்பின் கீழ் ரைட்டரின் பெயர் இருக்கும், பக்கத்தில் மஞ்சள் வியப்புக்குறி. பெயர் மேல் இரட்டைக் க்ளிக் செய்தால் ஒரு கோட் எண் தெரியும். 19, 31, 32, 39, 41 இவற்றில் ஒன்றாக இருந்தால் மேற்கொண்டு வாசியுங்கள்.

செய்தியில் டிரைவர் பழுது என்று வருவதைப் பார்த்துவிட்டுப் பலர் இணையத்தில் டிரைவர் தேடப் போகிறார்கள். வேண்டாம். சிடி, டிவிடி ரைட்டருக்கு வேண்டிய டிரைவர் விண்டோஸோடேயே வருகிறது; ரைட்டர் செய்த நிறுவனம் எதுவானாலும் அதே ஒன்றுதான். இந்த ரைட்டருக்கான டிரைவர் என்று சொல்லி ஏதாவது தளம் ஒரு கோப்பைத் தந்தால் அதைத் தொடாதீர்கள்.

உண்மையில் நடப்பது இது. நீரோ போன்ற எழுதும் மென்பொருளும், போலி டிரைவ் உருவாக்கும் மென்பொருளும் விண்டோஸுக்கும் ரைட்டருக்கும் நடுவில் தங்கள் சிறு டிரைவர் ஒன்றைச் செருகி வைக்கும். அதற்கு ஃபில்டர் என்று பெயர். மென்பொருளை நீக்கும்போது கோப்பு போய்விடும், ஆனால் விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதி வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் இருக்கும் வரி சில நேரம் தங்கிவிடும். விண்டோஸ் ஒவ்வொரு தடவையும் அந்த வரியைப் படித்து, இல்லாத கோப்பைத் தேடி, கிடைக்காமல் ரைட்டரையே நிறுத்திவிடுகிறது. அக்காவின் கணவர் ஒரு மென்பொருளை நீக்கிவிட்டு வேறொன்றைப் போட்டிருந்தார், அவ்வளவுதான்.

திருத்தும் விதம் இப்படி. நிர்வாகி கணக்கில் நுழைந்து, ஸ்டார்ட், ரன் போய், ரெஜ்எடிட் (regedit) என்பதை ஆங்கில எழுத்தில் அடியுங்கள். இடப்பக்கத்தில் லோக்கல் மெஷின் என்று முடியும் கோப்புறை, அதற்குள் சிஸ்டம், கரண்ட் கண்ட்ரோல் செட், கண்ட்ரோல், கிளாஸ் என்று இறங்குங்கள். கிளாஸுக்குள் நீண்ட எண்களாகப் பல கோப்புறைகள் வரிசையாக நிற்கும். உங்களுக்கு வேண்டியது 4டி36இ965 (4D36E965) என்று தொடங்குவது. அதைத் தெரிவு செய்தால் வலப்பக்கத்தில் கிளாஸ் என்ற பெயருக்கு எதிரே சிடிரொம் என்று எழுதியிருக்க வேண்டும். அப்படி எழுதியிருப்பதைக் கண்ணால் பார்க்காமல் அடுத்த அடி வைக்காதீர்கள். பக்கத்திலேயே 4டி36இ967 (4D36E967) என்று ஒன்று நிற்கிறது. அது வன்வட்டுக்கு உரியது. அதற்குள்ளும் அப்பர் ஃபில்டர்ஸ் என்ற வரி இருக்கும். அதை அழித்தால் கணினியே எழும்பாமல் போகும். ஐந்துக்கும் ஏழுக்கும் இடையில்தான் முழு வேலையும் இருக்கிறது. கண்ணாடி போடுகிறவர்கள் போட்டுக்கொண்டு செய்யுங்கள்.

சரியான கோப்புறை மேல் வலது க்ளிக் செய்து, எக்ஸ்போர்ட் கொடுத்து, முகப்பில் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வலப்பக்கத்தில் அப்பர் ஃபில்டர்ஸ், லோவர் ஃபில்டர்ஸ் என்ற இரண்டு வரிகளையும் தேடுங்கள். இரண்டும் இருக்கலாம், ஒன்று மட்டும் இருக்கலாம். அவற்றை மட்டும் அழியுங்கள். பெயருக்குப் பின்னால் பாக் என்று ஒட்டியிருக்கும் வரிகள் இருந்தால் அவற்றைச் சும்மா விடலாம். கணினியை மறுபடி எழுப்புங்கள்.

அக்காவின் கணினி எழும்பி, மை கம்ப்யூட்டரில் ரைட்டர் தெரிந்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லத் தெரியவில்லை. திறந்து மூடுவதற்கு மொத்தம் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

இதைச் செய்த பிறகு, முன்பு வேலை செய்த ஏதாவது ஒரு மென்பொருள் ரைட்டரைக் காணவில்லை என்று முறையிடலாம். ஐடியூன்ஸ் அப்படிச் சொல்லும், அதுவும் தன் ஃபில்டரை அங்கேதான் வைக்கிறது. அந்த மென்பொருளை மட்டும் திரும்ப நிறுவினால் போதும்.

மஞ்சள் குறியும் இல்லை, டிவைஸ் மேனேஜரில் பெயரே இல்லை, ஆனால் பயோஸில் இருக்கிறது. இது வேறு விஷயம். 2006ஐ ஒட்டி வந்த இன்டெல் 965 வகை மதர்போர்டுகளில் இன்டெல் தன் சிப்பில் இருந்து ஐடிஇ வாசலை எடுத்துவிட்டது. மதர்போர்டு செய்தவர்கள் ஜேமைக்ரான் போன்ற தனிச் சிப் ஒன்றை வைத்து அந்த வாசலைக் கொடுத்தார்கள். அந்தச் சிப்புக்குரிய டிரைவர் நிறுவாவிட்டால் அதில் மாட்டிய ஐடிஇ ரைட்டர் எக்ஸ்பியின் கண்ணில் படாமல் போகலாம். டிவைஸ் மேனேஜரில் அறியாத கருவி என்று ஏதாவது நிற்கிறதா என்று பாருங்கள். இங்கே மட்டும் டிரைவர் உண்மையாகவே வேண்டும். ரைட்டருக்கு அல்ல, மதர்போர்டுக்கு. வேறொரு கணினியில், மதர்போர்டு செய்த நிறுவனத்தின் தளத்தில் எடுத்து, பென் டிரைவில் கொண்டுவாருங்கள். எக்ஸ்பிக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2014 ஏப்ரல் 8ஆம் திகதியோடு நின்றுவிட்டன, விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14ஆம் திகதியோடு. அந்தக் கணினிகளை இணையத்தில் விடுவது எனக்கு மனம் ஒப்பாத வேலை.

விண்டோஸ் 7இல் ரைட்டர் அடியோடு காணாமல் போனால் மைக்ரோசாஃப்ட் சொல்லும் இன்னொரு வழியும் உண்டு. ரெஜிஸ்ட்ரியில் கரண்ட் கண்ட்ரோல் செட்டுக்குக் கீழே சர்வீசஸ், அதற்குள் அட்டாப்பி (atapi). அதில் கண்ட்ரோலர்0 (Controller0) என்று ஒரு கோப்புறை உருவாக்கி, அதற்குள் ஈனம்டிவைஸ்1 (EnumDevice1) என்ற பெயரில் ஒரு டிவேர்ட் (DWORD) வரி போட்டு, மதிப்பை 1 என்று வையுங்கள். ஃபில்டர் வேலை பலிக்காதபோது மட்டும் இதற்கு வாருங்கள்.

டிவைஸ் மேனேஜரில் நலம், மை கம்ப்யூட்டரில் எழுத்து இல்லை

இது எளிது. மை கம்ப்யூட்டர் மேல் வலது க்ளிக், மேனேஜ், டிஸ்க் மேனேஜ்மென்ட். கீழ்ப்பகுதியில் ரைட்டர் சிடிரொம் 0 என்று தெரியும். அதன் மேல் வலது க்ளிக் செய்து டிரைவ் எழுத்தை மாற்றும் தெரிவுக்குப் போய், யாரும் பிடிக்காத எழுத்து ஒன்றைக் கொடுங்கள். நான் ஆங்கில வரிசையின் பின்பக்கத்தில் இருந்து ஒன்று கொடுப்பேன். பென் டிரைவுகள் முன்பக்க எழுத்துகளைப் பிடித்துக்கொள்வதால் இந்த மோதல் வருவதுண்டு.

வாசிக்கிறது, எழுத மட்டும் மறுக்கிறது

எக்ஸ்பியில் இது ஒரு பழுதே அல்லாமல் இருக்கலாம். 2001இல் வெளிவந்த எக்ஸ்பிக்குத் தானாக எழுதத் தெரிந்தது சிடி மட்டும்தான். வெற்று டிவிடியை ரைட்டரில் போட்டு, மை கம்ப்யூட்டரில் இரட்டைக் க்ளிக் செய்தால் இன்கரெக்ட் ஃபங்ஷன் என்று ஒரு செய்தி வரும். அதைப் பார்த்துவிட்டு ரைட்டர் பழுது என்று முடிவு கட்டியவர்களை எனக்குத் தெரியும். ஒரு வெற்று சிடியைப் போட்டுப் பாருங்கள். அது எழுதினால் ரைட்டர் நலம். எக்ஸ்பிக்கு டிவிடி தெரியவில்லை, அவ்வளவே. கேபி 932716 என்ற மைக்ரோசாஃப்ட் திருத்தம் டிவிடி எழுதும் வசதியை எக்ஸ்பிக்குக் கொண்டுவந்தது. ஆனால் அது மென்பொருள்கள் பயன்படுத்துவதற்கான அடித்தளம். எக்ஸ்புளோரரில் இழுத்துப் போட்டு டிவிடி எழுத அதற்குப் பிறகும் முடியாது. எழுதும் மென்பொருள் ஒன்று எப்படியும் வேண்டும்.

நான் பாவிப்பது இம்ஜ்பர்ன். இலவசம், எக்ஸ்பியிலும் ஓடும், கடைசிப் பதிப்பு 2013இல் வந்தது. விண்டோஸின் எழுதும் சேவையை நம்பாமல் ரைட்டரோடு நேராகப் பேசும். இதனால் ஒரு சோதனைக்கருவியாகவும் உதவுகிறது: விண்டோஸ் எழுத மறுத்து இம்ஜ்பர்ன் எழுதினால் ரைட்டரில் குற்றம் இல்லை என்பது உறுதி. நிறுவும்போது வேறு மென்பொருள்களையும் சேர்த்துத் தரப் பார்க்கும். ஒவ்வொரு திரையையும் வாசித்து, தேவையில்லாத டிக்குகளை எடுத்துவிடுங்கள்.

எக்ஸ்பியில் சிடியும் எழுத மறுத்தால் மூன்று இடங்களைப் பாருங்கள். மை கம்ப்யூட்டரில் ரைட்டரின் ப்ராப்பர்டீஸில் ரெக்கார்டிங் என்ற பக்கம் இருக்கும். அதில் இந்த டிரைவில் சிடி எழுத அனுமதி என்ற பொருள்படும் பெட்டியில் டிக் இருக்க வேண்டும். அடுத்து சர்வீசஸ் பட்டியலில் ஐமாப்பி சிடி பர்னிங் என்று தொடங்கும் சேவை. அது டிசேபிள் என்று இருந்தால் மேனுவல் ஆக்குங்கள். கணினியை வேகமாக்கித் தருகிறோம் என்று சொல்லும் மென்பொருள்கள் இதை அணைத்து வைப்பதுண்டு. மூன்றாவது, உங்கள் கணக்கு. மட்டுப்பட்ட கணக்கில் இருந்து ரைட்டரைத் தொட மென்பொருள்களுக்கு எக்ஸ்பி அனுமதி தராது. பிள்ளைகளின் கணக்கில் மட்டும் எழுதவில்லை, அப்பாவின் கணக்கில் எழுதுகிறது என்றால் இதுதான் காரணம்.

டிவிடி பெட்டியில் 4.7 ஜிபி என்று போட்டிருந்தாலும் விண்டோஸின் கணக்கில் அது ஏறக்குறைய 4.38 ஜிபிதான். கோப்புகள் 4.5 ஜிபி இருந்து எழுத மறுத்தால் அதையும் பழுது என்று எண்ணிவிடாதீர்கள்.

சிடியைக் காண்கிறது, டிவிடியைக் காணவில்லை

கண் ஒன்றுதான், அதற்குப் பின்னால் இருக்கும் லேசர்கள் இரண்டு. சிடிக்கு 780 நானோமீற்றர், டிவிடிக்கு 650 நானோமீற்றர். ஒன்று பலவீனமாகி மற்றது நன்றாக இருப்பது சாதாரணம். கடையில் வாங்கிய அச்சு டிவிடிகள் இரண்டு மூன்றைப் போட்டுப் பாருங்கள். ஒன்றுமே தெரியவில்லை, ஆனால் சிடிகள் எல்லாம் தெரிகின்றன என்றால் டிவிடி லேசர் போய்விட்டது. மென்பொருளால் இதைத் திருத்த முடியாது. இங்கே மட்டும்தான் வேறு ரைட்டர் வாங்கச் சொல்கிறேன்.

அச்சு டிவிடி தெரிகிறது, வெற்று டிவிடி மட்டும் தெரியவில்லை என்றால் நம்பிக்கை இருக்கிறது. பழைய ரைட்டர்களில் சில டிவிடி மைனஸ் மட்டும் எழுதும், சில டிவிடி பிளஸ் மட்டும் எழுதும். முன்முகத்தில் இருக்கும் சின்னங்களைப் பார்த்து அதற்கேற்ற டிஸ்க்கை வாங்குங்கள். சின்னம் பொருந்தியும் தெரியவில்லையா, வேறு நிறுவனத்தின் டிஸ்க் ஒன்றைக் கடன் வாங்கியாவது போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு வகை வெற்று டிஸ்க்கையும் எப்படி எழுதுவது என்ற குறிப்பு ரைட்டரின் ஃபேர்ம்வேரில், அதாவது ரைட்டருக்குள்ளேயே பதிந்திருக்கும் மென்பொருளில், இருக்கிறது. ரைட்டர் வந்த காலத்துக்குப் பிறகு வந்த டிஸ்க்கை அது அடையாளம் காணாமல் விடுவது உண்டு. வெற்று டிஸ்க்குகளை உறையில் இருந்து எடுத்து மேசையில் விட்டுவைக்கவும் வேண்டாம். நம் ஊர் ஈரத்தில் நாடாவுக்குப் பிடிக்கிற பூஞ்சணம் டிஸ்க்குக்கும் பிடிக்கும், ரைட்டரின் கண்ணுக்கும் பிடிக்கும்.

யூஎஸ்பி ரைட்டர் ஒரு நொடி தெரிந்து மறைகிறது

மெல்லிய வெளி ரைட்டர்கள் கணினியில் இருந்தே மின்சாரம் எடுப்பவை. யூஎஸ்பி 2.0 வாசல் ஒன்று தரக் கடமைப்பட்டது 500 மில்லி அம்பியர். டிஸ்க் சுழலத் தொடங்கும்போதும் லேசர் எழுதும்போதும் அதற்கு மேலும் தேவைப்படும். அதனால்தான் செருகியதும் தெரிகிறது, டிஸ்க் போட்டதும் மறைகிறது. முன்பக்க வாசலை விட்டுவிட்டு, பின்பக்கத்தில் மதர்போர்டிலேயே இருக்கும் வாசலில் போடுங்கள். நீட்டிப்பு வயரை எடுத்துவிடுங்கள். ரைட்டரோடு இரண்டு தலை உள்ள கேபிள் வந்திருந்தால் இரண்டையும் செருகுங்கள். இரண்டாவது தலை வெறும் அலங்காரம் அல்ல.

நீல நிற யூஎஸ்பி 3 வாசலுக்கு எக்ஸ்பியிலோ விண்டோஸ் 7இலோ உள்ளமைந்த டிரைவர் கிடையாது. கறுப்பு வாசலைப் பாவியுங்கள். எக்ஸ்பியில் யூஎஸ்பி 2.0க்குக் குறைந்தது சர்வீஸ் பேக் 1 வேண்டும். சர்வீஸ் பேக் 3 இருந்தால் இன்னும் நல்லது. இந்தக் கருவி இன்னும் வேகமாக இயங்கக் கூடியது என்று மூலையில் ஒரு செய்தி வந்தால் நீங்கள் பழைய யூஎஸ்பி 1.1 வாசலில் இருக்கிறீர்கள். அதன் வேகம் விநாடிக்கு 12 மெகாபிட். நடைமுறையில் ஒரு மெகாபைட் அளவுதான் போகும். டிவிடி ஒரு மடங்கு வேகத்துக்கே விநாடிக்கு 1.385 மெகாபைட் வேண்டும். ஆகவே அந்த வாசலில் சிடி எழுதலாம், டிவிடி எழுதப் போனால் டிஸ்க் வீணாகும்.

தெரிகிறது, எழுதுகிறது, ஆனால் நகர மறுக்கிறது

எழுதும்போது மவுஸ்கூட அசைய மாட்டேன் என்கிறது, எழுதுவதற்கான தரவு காத்திருக்கும் பஃபர் வெறுமையாகி வெறுமையாகி நிற்கிறது என்றால் டிவைஸ் மேனேஜரில் ஐடிஇ கண்ட்ரோலர் பகுதிக்குப் போய், ரைட்டர் இருக்கும் சனலின் அட்வான்ஸ்ட் செட்டிங்ஸைப் பாருங்கள். தற்போதைய முறை பிஐஓ என்று இருக்கும். தரவு முழுவதையும் ப்ராசசரே நகர்த்த வேண்டிய மெதுவான முறை அது. ரைட்டரோடு பேசும்போது பிழைகள் ஆறு தடவை சேர்ந்துவிட்டால் எக்ஸ்பி, டிஎம்ஏ என்ற வேகமான முறையின் வேகத்தைப் படிப்படியாகக் குறைத்துக் கடைசியில் பிஐஓவில் கொண்டுபோய் விட்டுவிடும். தானாகத் திரும்பவும் ஏற்றாது. கீறல் விழுந்த ஒரு டிஸ்க்கை வாசிக்கப் போராடியதே இதற்குப் போதும். அந்தச் சனலை அன்இன்ஸ்டால் செய்து, கணினியை மறுபடி எழுப்புங்கள். விண்டோஸ் அதைப் புதிதாகக் கண்டு டிஎம்ஏயில் வைக்கும். சில வாரங்களில் மறுபடி பிஐஓவுக்கு விழுந்தால் கேபிளை மாற்றுங்கள்.

எழுதி முடிந்ததும் வெரிஃபை கொடுக்க மறவாதீர்கள். கூடுதலாக ஐந்து பத்து நிமிடம் போகும், போகட்டும். பிறகு அந்த டிஸ்க்கை எழுதிய ரைட்டரில் அல்லாமல் வேறொரு கருவியில் போட்டுப் பாருங்கள். சாய்ந்துபோன லேசர் தான் எழுதியதைத் தானே வாசித்துவிடும், மற்றது வாசிக்காது. அக்காவின் மூன்று டிஸ்க்குகளையும் பாலையூற்றுக்குக் கொண்டுபோய் அவர் வீட்டு பிளேயரிலேயே ஒவ்வொன்றாகப் போட்டோம். இரண்டாவது டிஸ்க்கில் நடுவில் படம் தடக்கியது. அன்று பின்னேரமே வேகத்தைக் குறைத்து எழுதிக் கொடுத்தேன்.